பெஞ்சில் இருந்த கடல் விமானம்

வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு மரியாதை வேண்டும். நாங்கள் விளையாடிய அந்தப் போர் விமான விளையாட்டுக்கு அது துளியும் கிடையாது. ஓர் அளவுக்கு மேல் விமானங்களைச் சேர்த்துவிட்டால், 'இடம் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லாது. விமானங்களின் வரிசையைத் திறப்போம். பாதி திறக்கும். திரை ஒரு தடவை கறுக்கும். அவ்வளவுதான், விளையாட்டு மொத்தமாக மூடிக்கொள்ளும். எது அதிகம், எதை வெளியே எடுக்க வேண்டும், ஒன்றும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இப்படித்தான். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார், காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். என் வேலைக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. பத்துப் பேர் எழுதிக் குவிக்கிற ஃபைல்களில் எது உள்ளே போகலாம், எது வெளியே நிற்க வேண்டும், எது பழசு, எது புதுசு என்று பார்த்துக்கொள்வதுதான் அது. அம்மாவுக்கு ஒருநாள் இதைப் பொறுமையாக விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஸ்டோர் கீப்பர்னு சொல்லேன்" என்றாள். அதன்பிறகு சர்ச்சில் யார் கேட்டாலும் அப்படியே சொல்லியும் வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

சனிக்கிழமைகளில் கம்பெனிக்கு விடுமுறை, ஆனால் கதவு திறந்திருக்கும். ஏசி ஓடாது, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்வோம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிற காலம் இன்னும் எங்களுக்கு வரவில்லை. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் மூன்று பேர் அங்கே வந்துவிடுவோம். மூன்று மெஷின்களையும் ஆபீஸ் ஒயரிலேயே இணைத்து, பசிபிக் சமுத்திரத்தின் மேல் ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளுவோம். சாயங்காலம் ஜன்னல் வழியாக மசூதியின் பாங்கோசை வரும்போது எழுந்து வீட்டுக்குப் போவோம்.

மூன்று பேருமே அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்தான். ஒருவன் கல்லூரியிலும் என்னோடு படித்தவன். அவன் அப்பாவுக்கு சிவாஜிநகரில் துணிக்கடை, அதனால் அவன் துணிக்கடைக்காரன். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, உருதுவில் போய் முடிகிற வாய் அவனுக்கு. வரும்போது நியூஸ்பேப்பரில் சுற்றிய கீமா சமோசா கொண்டுவருவான். அதைத் தின்ற எண்ணெய்க் கையோடு ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பான். இதற்காக நான் போட்ட சண்டைக்கு அளவில்லை. ஒவ்வொரு தடவையும் பேன்ட்டில் கையைத் துடைத்துவிட்டு, "போச்சா? க்ளீனா?" என்று காட்டுவான்.

இன்னொருவர் அண்ணாச்சி. அருப்புக்கோட்டைக்காரர், எங்களைவிட மூத்தவர், கல்யாணமானவர். அண்ணாச்சி என்று பெயர் வைத்தது துணிக்கடைக்காரன். "நான் என்ன மளிகைக் கடையா வச்சிருக்கேன்?" என்று முதலில் அவர் மறுத்துப் பார்த்தார். ஒரு மாதத்தில் மேனேஜர்கூட அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மனைவி ஊரில் இருந்தார், மாசமாக. அண்ணாச்சி இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார்.

விளையாட்டோடு வந்த விமானங்கள் கொஞ்சம்தான். ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தங்கள் ஆசைக்கு விமானங்களைச் செய்து இன்டர்நெட்டில் சும்மா போட்டுவைத்திருந்தார்கள். அதைத் தேடிப் பிடிப்பது அண்ணாச்சியின் வேலை. மத்தியானம் டவுன்லோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். நடுவில் யாராவது பெரிய மெயில் ஒன்றை அனுப்பினால் அறுந்துபோகும். முகம் சுளிக்காமல் மறுநாள் திரும்பவும் போடுவார். வந்துசேர்ந்த விமானத்தை நான் மூன்று மெஷின்களிலும் ஒரே மாதிரி ஏற்றுவேன். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் ஆட்டம் கூடாது. ஒருவர் கண்ணுக்குத் தெரிகிற விமானம் இன்னொருவருக்கு வேறாகத் தெரியும், இல்லையென்றால் ஆளையே வெளியே தள்ளிவிடும்.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனதில்தான் ஒரு நாள் அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

அளவு எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தும் ஒவ்வொன்றாக உள்ளே போட்டும் நானே கண்டுபிடித்தேன். எண் இப்போது மறந்துவிட்டது, ஆனால் அந்த எண்ணுக்கு மேல் ஒன்று கூடினாலும் திறக்காது. கம்ப்யூட்டரே ஓட்டுகிற எதிரி விமானங்களும் அதே கணக்கில் சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் தொடாத ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தை, தண்டத்துக்கு இருக்கிறதே என்று துணிக்கடைக்காரன் ஒரு தடவை தூக்கி வெளியே போட்டான். எங்களுக்குப் பிடித்த சண்டை ஒன்று அன்றோடு திறக்காமல் போனது. அந்தச் சண்டையில் எங்கோ ஒரு மூலையில் அது பறந்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்றை வெளியே எடுத்தால் அது எங்கே உதைக்கும் என்று எடுக்கும்போது தெரியாது.

துணிக்கடைக்காரனுக்கு இந்த அளவு என்கிற விஷயமே புரியவில்லை. அவன் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் நாலாவது ஆள் வந்து, கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று பாதித் தொடையை வைத்தால் மற்ற மூவரும் நகர்ந்துதான் ஆக வேண்டும். ஊரே அப்படித்தான் ஓடுகிறது. நானும் அதே ஊர்தான், எனக்கு மட்டும் தெரியாதா? ஆனாலும் நான் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும், என் கண்ணில் படாமல் ஒன்றிரண்டை உள்ளே திணித்துவைப்பான். சனிக்கிழமை வந்து திறந்தால் திறக்காது.

"இன்னாமா நீ, ஒரே ஒரு பிளேனு. அதுக்கு ஜாகா இல்லையா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்காதா?"

"இது நைன்ட்டி-டூ நம்பர் பஸ் இல்லடா."

"கேம் செஞ்சவன் வெள்ளக்காரன். அதான் அட்ஜஸ்ட் தெரியல."

பாதி மத்தியானம் அவன் திணித்ததைத் தேடி எடுப்பதிலேயே போகும். கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். எதை என்று மூவரும் சேர்ந்து சொல்ல வேண்டும், எடுப்பது நான் மட்டும். வெளியே போவதை அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி விடவில்லை.

"அழிக்காதீங்க. ஒரு ஓரமா வச்சிருங்க. எவனோ ராப்பகலா உக்காந்து செஞ்சிருக்கான்."

"ஓரமான்னா எங்க?"

"பெஞ்சுல உக்கார வைங்க" என்றார்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பெஞ்ச் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை வராதவர்களை பெஞ்சில் இருக்கிறார் என்பார்கள். சம்பளம் உண்டு, வேலை கிடையாது. டீ குடிக்கலாம், புத்தகம் படிக்கலாம், கூப்பிடும்போது போக வேண்டும். பேருக்குத்தான் பெஞ்ச், உட்காருவது நாற்காலியில்தான். நான் விளையாட்டுக்கு வெளியே பெஞ்ச் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்தேன். வெளியே எடுத்த விமானங்களெல்லாம் அதில் போய் உட்கார்ந்தன. இன்றைக்கும் என் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அழிக்க மனம் வராததெல்லாம் அதில்தான் போகும்.

அண்ணாச்சி சண்டையே போட மாட்டார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நானும் துணிக்கடைக்காரனும் மேகத்துக்குள் புகுந்து ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருப்போம். அவர் ஒரு கடல் விமானத்தில் கீழே தனியாகப் போய்க்கொண்டிருப்பார். இரண்டு இறக்கை அடுக்கு, தலைக்குப் பின்னால் ஒற்றை எஞ்சின், அடியில் படகு மாதிரி வயிறு. பார்க்கவே பரிதாபமாக இருக்கும். வேகம் கிடையாது, திரும்பச் சொன்னால் யோசித்துத் திரும்பும். அதை டவுன்லோடு செய்த புதிதில், தண்ணீரைத் தொட்டதும் வெடித்தது. விமானம் எந்தெந்த இடத்தில் தரையைத் தொடும் என்று எண்களாக எழுதிய ஒரு ஃபைல் உண்டு. அதை அண்ணாச்சி பல மத்தியானங்கள் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். முதலில் வெடித்தது, பிறகு மூழ்கியது, பிறகு தவளை மாதிரி குதித்தது. ஒருநாள் மிதந்தது. ஆனால் ஏதோ ஓர் எண் சரியாக விழாமல், ஃபுட்போர்டில் கூட்டம் தொங்குகிற சிவாஜிநகர் பஸ் மாதிரி இடது பக்கம் சாய்ந்தே மிதந்தது. அதைச் சரிசெய்யச் சொன்னேன். "இருக்கட்டுங்க, அது அதோட குணம்" என்றுவிட்டார்.

வாலில் அவரே பெயின்ட் அடித்து, TN 67 என்று எழுதியிருந்தார். விருதுநகர் ஜில்லா வண்டி நம்பர்.

"எங்க ஊருல கண்மாய்ல தண்ணி கெடந்து பாத்து எத்தன வருசமாச்சு தெரியுமா? இங்க பாருங்க, கண்ணுக்கு எட்டுன மட்டும் தண்ணி. இதுல வந்து எவனாச்சும் சண்ட போடுவானா?" என்பார். ஒரு தீவுக்குப் பக்கத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார். சில நேரம் நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் என்னைச் சுட்டு வீழ்த்திவிட்டு துணிக்கடைக்காரன் ஆட, நான் அவனைத் திட்ட, அண்ணாச்சி தண்ணீரில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருப்பார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவலையில்லாமல் இருந்த மத்தியானங்கள் வேறு இல்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அண்ணாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலை நின்றபின் ஒருமுறை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், நேராகப் போய் ஒரு வீடு பிடித்தார். ஊரைத் தாண்டி ஓசூர் போகிற வழியில், சந்தாபுராவில். துணிக்கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சந்தாபுராவா? அண்ணாச்சி, அங்கேர்ந்து ஆபீஸ் கிட்டமா, ஓசூர் கிட்டமா?"

"தூரம்தான் தம்பி. அவளுக்குக் கன்னடம் தெரியாதுல்ல. அங்க பக்கத்து வீடு, எதுத்த வீடு எல்லாம் தமிழ் பேசுறாங்க. பால்காரன்கூட பேசுறான். நான் ஆபீசுக்கு வந்துட்டா பகல் பூரா அவ யார்கூடப் பேசுவா?"

ஆனி மாதக் கடைசி அது. ஆடியில் புது வீட்டுக்குப் போகக் கூடாது. ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்து மனைவி குழந்தையோடு வந்து பால் காய்ச்சுவது என்று ஏற்பாடு. அதுவரை வீடு பூட்டியே கிடக்கட்டும், வீட்டுக்காரி வராமல் நான் போய்ப் படுத்துக்கொள்வது நன்றாக இருக்காது என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பேசும்போது நடுவில் எடுத்துப் பார்த்துக்கொள்வார். கல்யாணமாகி அத்தனை நாளும் மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனுஷன். ஆவணிக்கு அவர் காத்திருந்த காத்திருப்பைப் பார்க்க எங்களுக்கே பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை முடிந்தது. அமெரிக்காவில் அதைக் கேட்டிருந்த கம்பெனியே கையை விரித்துவிட்டது. அண்ணாச்சி பெஞ்சுக்குப் போனார். "நல்லதாப் போச்சு. பிளேன் எறக்க நெறைய நேரம் கெடைக்கும்" என்றார். கீழ்த்தளத்தில் பெஞ்சுக்காரர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. முன்பெல்லாம் அதில் நாலைந்து பேர் இருப்பார்கள். அந்த ஆடி பிறந்தபோது நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை துணிக்கடைக்காரன் ஒரு புது விமானத்தோடு வந்தான். மிக வேகமானது, ஜப்பான்காரர்களுடையது, அவனே தேடிப் பிடித்தது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

"அண்ணாச்சி கோவிச்சுக்கக் கூடாது. அந்த போட்டு பிளேனு எதுக்கு ஜாகா புடிச்சுக்கினு? அது ஒரு தோட்டா சுட்டதில்ல" என்றான்.

நான் என்ன சொல்ல? சட்டப்படி பார்த்தால் அவன் சொன்னது நியாயம். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் சமோசாவில் இருந்த வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எடுங்க. அதுவும் நானும் கொஞ்ச நாள் ஒண்ணா பெஞ்சுல இருக்கோம்" என்று சிரித்தார். மூன்று பேரும்தான் சிரித்தோம். மூன்று மெஷின்களிலும் TN 67-ஐ எடுத்து பெஞ்ச் ஃபோல்டரில் போட்டேன்.

அடுத்த வாரம் கீழ்த்தள அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக மாடிக்குக் கூப்பிட்டார்கள். மாடிக்குப் போனவர்கள் கையில் ஒரு கவரோடு இறங்கி வந்தார்கள். பெஞ்சில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இதற்குக் கூப்பிடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து நான் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். கையில் கவர் இருந்தது. சாயங்காலத்துக்குள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றார்.  பிறகு குனிந்து கேட்டார்.

"ஏங்க, அந்தப் பிளேன உள்ள போட முடியுமா? ஒரே ஒரு தடவ. ஓட்டிட்டுப் போயிர்றேன்."

நடு வேலை நாள். சுற்றிலும் ஆட்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பெஞ்ச் ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்று உள்ளே வர வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும். எதை எடுக்க என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, பின்னால் வந்து நின்ற துணிக்கடைக்காரன், "என்னுத எடு" என்றான். ஜப்பான் விமானத்தைத் தூக்கி பெஞ்சில் போட்டேன். ஒரே ஒரு சனிக்கிழமை ஓட்டியிருந்தான்.

மூன்று மெஷின்களிலும் ஏற்றினேன். அண்ணாச்சி கடல் விமானத்தை எடுத்தார். நான் வழக்கமாக ஓட்டுகிற ஒன்றை எடுக்கப் போனேன். துணிக்கடைக்காரன், "நானும் அந்த போட்டு பிளேனுதான்" என்றான்.

"அதான் அண்ணாச்சி எடுத்துட்டாரே."

"எடுத்தா? ரெண்டு பேரு ஒரே பிளேன எடுத்தா ரெண்டு ஜாகா வேணுமா?"

வேண்டாம். அளவு விமானங்களின் வகைக்குத்தான், ஓட்டுகிற ஆட்களுக்கு இல்லை. ஒரே விமானத்தை எத்தனை பேர் எடுத்தாலும் கணக்கு ஒன்றுதான். இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆளாளுக்கு ஒரு விமானம் வேண்டும் என்று அடித்துக்கொண்டதில் மூன்று பேரும் ஒரே விமானத்தில் போகலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மூன்று TN 67 ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. எங்கள் மேனேஜர் அந்த வழியாக வந்தார், திரையைப் பார்த்தார், அண்ணாச்சி கையிலிருந்த கவரைப் பார்த்தார், திரும்பிப் போனார். தீவுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி முதலில் இறங்கினார். எனக்கு அதுவரை தண்ணீரில் இறங்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இறக்கினேன். துணிக்கடைக்காரன் இரண்டு தடவை குதித்து மூன்றாவதில் நின்றான். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், இடது பக்கம் சாய்ந்து மிதந்தன. எஞ்சின்களை நிறுத்தினோம். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் அந்த விளையாட்டு செய்தவர்கள் யாரோ பொறுமையாக உட்கார்ந்து சேர்த்திருக்கிறார்கள்.

"சனிக்கெழம போயி சாவியக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றார் அண்ணாச்சி, திரையைப் பார்த்தபடியே. "அப்படியே ஊருக்கு பஸ் ஏறிற வேண்டியதுதான். அவகிட்ட இன்னும் சொல்லல. இன்னிக்குப் போன் பண்ணணும். என்னத்தச் சொல்லப் போறேனோ."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். துணிக்கடைக்காரன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை என் சீட்டுக்குப் போன் வந்தது. எங்கோ ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணாச்சி பேசினார். பின்னால் லாரிகள் இரைந்தன.

"ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுறோம். காலையிலயே. ரெண்டு பேரும் வந்துருங்க."

"ஆடியிலயா?" என்றேன். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் ஆடியில் வீடு மாற எங்கள் அம்மாவே சம்மதிக்க மாட்டாள்.

"ஆமாங்க. அவ நாளைக்கு வர்றா" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நானும் துணிக்கடைக்காரனும் ஒரே மாதிரிதான் யோசித்தோம். மனுஷன் வீட்டில் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை. எதையோ சொல்லி முன்கூட்டியே வரவழைத்திருக்கிறார். வந்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். பாவம், கைக்குழந்தையோடு வருகிற பெண். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் கிளம்பியதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு குக்கரோடு பஸ் ஏறினேன். துணிக்கடைக்காரன் கடையிலிருந்து இரண்டு பெட்ஷீட்டும் ஒரு குட்டிக் கவுனும் எடுத்துவந்திருந்தான். ஓசூர் ரோடு முழுக்க எனக்குப் பாடம் நடத்தினான்.

"இன்னா கேட்டாலும் ஆபீஸு நல்லா போவுதுன்னு சொல்லு. உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும், அதனால நீ பேசாத. நான் பாத்துக்கறேன்."

சந்தாபுராவில் இறங்கி விசாரித்துப் போனோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தது. அண்ணாச்சி வேட்டி கட்டியிருந்தார், சவரம் செய்து முகம் பளிச்சென்று இருந்தது. அவர் மனைவி சின்னப் பெண். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் குலவை போட்டார். வீட்டுக்குள் இன்னும் பிரிக்காத இரண்டு மூட்டைகளும் ஒரு பாயும் இருந்தன. நாங்கள் அந்தப் பாயில் உட்கார்ந்தோம்.

டம்ளரில் பாலை ஊற்றிக்கொடுத்தபடி அண்ணாச்சியின் மனைவி என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கதானா அந்தக் கடல்ல எறங்குற பிளேன வெளிய எடுத்தவுக?" என்று கேட்டார். எனக்குப் புரையேறியது.

"ஆபீஸ் எல்லாம் எப்படிண்ணே போகுது?" என்று அவனிடம் கேட்டார்.

துணிக்கடைக்காரன் தயாராக இருந்தான். "சூப்பரா போவுதுங்க. அண்ணாச்சி இல்லாம அங்க ஒரு வேலையும் நடக்காது" என்றான்.

அவர் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி மேலே உத்தரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையைப் புருஷன் மடியில் உட்காரவைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"அப்புறம் எதுக்குண்ணே இவுகள வெளிய எடுத்தாங்க?"

துணிக்கடைக்காரனுக்கு மூன்று பாஷையிலும் பதில் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "தெரிஞ்சுதான் வந்தீங்களா? ஆடி மாசத்துல?" என்று நான் கேட்டேன்.

"போன்ல சொன்னாரு. சாவியக் குடுத்துட்டு வந்துர்றேன்னாரு. குடுக்காதீக, நான் வர்றேன்னுட்டேன்" என்றார். "வேல இருந்திருந்தா ஆவணி வரைக்கும் பொறுத்து, நல்ல நாள் பாத்துத்தான்க்கா வந்திருப்பேன். வேல போயி இவுக இங்க ஒத்தையில கெடக்காக, நான் ஊருல உக்காந்து நாள் பாத்துக்கிட்டு இருக்கவா?"

சொல்லிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார். அண்ணாச்சி குழந்தையின் கையில் சாவியைக் கொடுத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.